விலை வெட்டும் நாள்

வெங்கடநாராயணன் தன் வாழ்நாளில் ஒரு முட்டையைக் கையால் தொட்டவர் இல்லை. பாலிகஞ்ச் வீட்டுச் சமையலறைக்குள் வெங்காயம் நுழைந்ததே அவருடைய கல்யாணத்துக்குப் பிறகுதான். அப்பேர்ப்பட்ட மனிதர்தான் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக வங்காளத்துக் கோழிகளுக்கெல்லாம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார் என்றால், கேட்கிறவர்கள் ஒரு தடவை அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். சால்ட் லேக், செக்டர் ஃபைவில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் அவர் கொள்முதல் அதிகாரி. தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்; அதை வாங்கிப் போடுவது அவர் வேலை. தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்து கல்கத்தாவிலேயே தங்கிவிட்ட குடும்பம். மூன்று தலைமுறையாக அடுத்தவர் சரக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டவர்கள். ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'வெங்கட் தா'; தா, தாதா என்றால் வங்காளியில் அண்ணன். அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல வங்காளிகளுக்குப் பொறுமை கிடையாது.

சோளம் வருவது வடக்கே தால்கோலாவிலிருந்து. சித்திரை வைகாசியில் அறுவடை முடிந்தால் அந்த ஊர் நெடுஞ்சாலையின் ஓரம் முழுக்க மஞ்சளாகிவிடும். காயவைக்க வேறு இடம் கிடையாது. வானம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஊரே ஓடும். அங்கே நிர்மல் பர்மன் என்று ஒருவர். கொஞ்சம் சொந்த நிலம். அக்கம்பக்கத்து விவசாயிகளின் விளைச்சலையும் தன் பொறுப்பில் சேர்த்து லாரியேற்றி அனுப்புகிறவர். வெங்கடநாராயணனைவிட நாலைந்து வயது இளையவர். இருபது வருஷப் பழக்கம். அதில் முக்கால்வாசி போனில்.

அந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு இன்றைக்கு வந்து இறங்கும். விலை இன்றைக்கு முடிவாகாது. கம்பெனி சோளத்தை அரைத்துக் கோழிக்குப் போட்டுவிடும். எந்த நாள் விலைக்கு அதைக் கொடுத்தோம் என்பதை, கொடுத்தவர் பிற்பாடு தனக்குத் தோதான ஒரு நாளில் போன் பண்ணிச் சொல்வார். அன்றைக்குச் சந்தையில் என்ன விலையோ அதுதான். இதற்கு விலை வெட்டுவது என்று பெயர். தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்குள் வெட்டிவிட வேண்டும், அது கெடு. கோழி தின்று, முட்டையிட்டு, அந்த முட்டையை பெஹாலாவில் யாரோ ஆம்லெட் போட்டுத் தின்று ஏப்பம் விட்ட பிறகும், உள்ளே போன சோளம் என்ன விலை என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது.

எல்லா வியாபாரிகளும் நாலு இடத்தில் விசாரித்து, ஜோசியம்கூடப் பார்த்து வெட்டுவார்கள். பர்மன் மட்டும் ஒரு காரியம் செய்வார். வாங்குகிறவரிடமே யோசனை கேட்பார்.

"தாதா, வெட்டட்டுமா, வைக்கட்டுமா?"

பேச்சு வங்காளியில்தான். முதல் தடவை இதைக் கேட்டபோது வெங்கடநாராயணன் திகைத்துப்போனார். விலை குறைந்தால் கம்பெனிக்கு லாபம், ஏறினால் பர்மனுக்கு லாபம். கசாப்புக் கடைக்காரனிடம் ஆடு வந்து நாள் பார்க்கச் சொன்ன கதையாக இருந்தது. ஆனால் கேட்ட குரலில் சூதே இல்லை. அதனால் தனக்குத் தோன்றியதை அப்படியே சொன்னார். ஒரு தடவை சொன்ன பிறகு அடுத்த தடவை மாற்றிச் சொல்ல முடியவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. சில வருஷம் பலித்தது, சில வருஷம் பலிக்கவில்லை. ஆனால் ஒரு வருஷமும் தெரிந்ததை மறைத்துச் சொன்னதில்லை. ஆபீசில் அவருக்குப் பெரிசாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவர் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். இந்த மனுஷன் என்னை நம்பிக் கேட்கிறானே என்ற ஒன்றுதான் அவருக்கு இருந்த பெருமை. மனைவி அலமுவிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் அலமுவுக்குத் தெரியும். பர்மன் போன் வந்த நாளில் மனுஷர் இன்னொரு கரண்டி ரசம் கேட்பார்.

எல்லாம் எத்தனால் வந்த பிறகு தலைகீழானது.

பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தாக வேண்டும் என்றது சர்க்கார். கரும்பு மட்டும் போதவில்லை, சோளத்திலிருந்தும் காய்ச்சுங்கள் என்று நல்ல விலை வைத்துக் கொடுத்தது. பீகார்ப் பக்கம் புதுப்புது ஆலைகள் முளைத்தன. தால்கோலா சாலையோரத்துக்குக் கோழித் தீவனக்காரர்களின் லாரி போய் நிற்கிறபோது, அங்கே ஏற்கெனவே ஆலைக்காரர்களின் லாரி நின்றுகொண்டிருந்தது. அவர்களுக்குத் தரம் பற்றிக் கவலை கிடையாது. கொஞ்சம் ஈரமா, பரவாயில்லை. கொஞ்சம் பூஞ்சையா, அதுவும் பரவாயில்லை. எஞ்சினுக்கு வயிற்று வலி வராது. சோளம் ஏறிக்கொண்டே போனது.

அந்த முதல் வருஷம் பர்மன் கேட்டபோது வெங்கடநாராயணன், "வைங்க" என்றார். ஒரு மாதம் கழித்துக் கேட்டார். "இன்னும் வைங்க." பர்மன் துர்கா பூஜை முடிந்து வெட்டினார். அதுவரை அவர் வாழ்க்கையில் பார்த்திராத விலை. போனில் பேச்சே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. கம்பெனிக்கு அது வலித்தது. தீவனம் விலையேறி, முட்டையும் ஏறி, மாடிப் படியில் எதிர்ப்படுகிற மேல்வீட்டு வங்காளி அம்மாள், "வெங்கட் தா, உங்க கோழிங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்க ஆரம்பித்தார். ஏதோ இவரே உட்கார்ந்து முட்டையிடாமல் ஏமாற்றுவதுபோல.

பெட்ரோல் விலையாவது இறங்கியதா என்றால், அது இருந்த இடத்திலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. அவருடைய பழைய ஸ்கூட்டர் புதுக் கலவையைக் குடித்துவிட்டுக் காலையில் பத்து உதை வாங்கித்தான் எழுந்தது. முன்பு போன தூரமும் போகவில்லை. ரப்பர் குழாயை மாற்றிய மெக்கானிக், பழைய வண்டிக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று உதட்டைப் பிதுக்கினார்.

அலமு ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க கோழிக்கு வாங்கற சோளத்தத்தான் இப்போ ஸ்கூட்டருக்குப் போடறாளாமே. ரெண்டுக்கும் ஒடம்பு சரியில்லையேன்னா."

"எனக்குந்தான் சரியில்லை" என்றார் அவர். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த வருஷம் அவர் நிஜமாகவே களைத்துப்போயிருந்தார். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. அது எப்படியாவது ஓடினால் போதும் என்றிருந்தது.

மறு வருஷம் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் சோளம் போட்டார்கள். கோடை நெல் போடுகிற வயலில்கூடப் போட்டார்கள். பர்மனும் போட்டார், அக்கம்பக்கத்தாரையும் போடச் சொன்னார். அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சோளம் உலர்த்துகிற டிரையர் ஒன்று வாங்கி வீட்டுப் பின்புறம் நிறுத்த வேண்டும். "ரோட்டுல காயப்போட்டு, லாரிக்காரன் திட்டறதைக் கேட்டுக்கிட்டு, மழைக்குப் பயந்து... போதும் தாதா. இந்த வருஷ விலையும் நல்லா அமைஞ்சா வாங்கிடுவேன்." எந்த மாடல், எத்தனை நேரத்தில் எவ்வளவு காயும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வெங்கடநாராயணனும் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜூலையில் அந்த போன் வந்தது. வெட்டட்டுமா, வைக்கட்டுமா?

அப்போது அவர் மேஜைமேல் ஒரு தாள் கிடந்தது. சர்க்கார் அறிவிப்பு. கிடங்குகளில் அரிசி வழிகிறது, எத்தனால் ஆலைகளுக்குக் குறைந்த விலையில் லட்சக்கணக்கான டன் கொடுக்கப்போகிறோம் என்று அதில் இருந்தது. அன்று காலையில்தான் படித்திருந்தார். இரண்டு தடவை படித்தார். முப்பது வருஷம் சோளம் வாங்கிய மூளைக்கு அது உடனே புரிந்திருக்க வேண்டும். ஆலைக்கு அரிசி மலிவாகக் கிடைத்தால் சோளத்தை யார் சீந்துவார்கள்? சின்னக் கணக்கு.

ஆனால் அவர் அதை நம்பவில்லை. பேப்பரில் ஆயிரம் எழுதுவார்கள். அரிசியைப் போய் யாராவது வண்டிக்கு ஊற்றுவார்களா? தட்டில் நாலு பருக்கை மிச்சம் வைத்ததற்கு முதுகில் வாங்கி வளர்ந்தவர் அவர். இன்றைக்கும் அலமு அரிசி களைகிறபோது தொட்டியில் ஒரு மணி விழுந்தால் விரலால் எடுத்துத் திரும்பப் போடுகிறாள். அரிசி என்றால் சோறு. ரேஷன் கடை வாசலில் வரிசை நிற்கிற ஊரில், சோறாகப் போகிற அரிசியை எரிக்கக் கொடுக்க எந்த சர்க்காருக்கும் கை வராது, கடைசி நேரத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று அவர் மனசார நினைத்தார். சொல்லிச் சிரிக்கத் தக்க ஒரு விஷயமாகக்கூட அது அவருக்குத் தோன்றவில்லை. தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "வைங்க. போன வருஷம் மாதிரி துர்கா பூஜை தாண்டட்டும்" என்றார்.

சர்க்காருக்குக் கை வந்தது. அரிசி ஆலைக்குப் போனது. சோளமும் அந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. ஆவணி பிறந்ததும் விலை இறங்க ஆரம்பித்தது. முதலில் பையப்பைய இறங்கிப் பிறகு பொத்தென்று விழுந்தது. ஆதார விலை என்று சர்க்கார் சொன்னதற்கும் கீழே போனது. சாலையோரத்தில் ஆலைக்காரர்களின் லாரி ஒன்றுகூட இல்லை என்றார் பர்மன்.

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் ஊரே முழுகுகிற மாதிரி ஒரு மழை. கரியாஹாட் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. வெங்கடநாராயணன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு அதைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

"தாதா, என்ன செய்யட்டும்? வெட்டட்டுமா, வைக்கட்டுமா?"

ஒரு கையில் ஸ்கூட்டர், ஒரு கையில் போன். பின்னால் டாக்ஸிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். இருபது வருஷத்தில் முதல் முறையாக அவர் வெட்டுங்க என்றும் சொல்லவில்லை, வைங்க என்றும் சொல்லவில்லை. "கொஞ்சம் பார்க்கலாம் பர்மன்" என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கியது. காளி பூஜைக்கு முந்தின நாள், கெடு முடிகிற அன்று, அந்த வருஷத்தின் அடிமட்ட விலைக்குப் பர்மன் வெட்டினார். டிரையரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெங்கடநாராயணனும் எடுக்கவில்லை.

மறு வாரம் சைதன்யா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். கொள்முதல் பிரிவின் தலைவன், முப்பத்தைந்துகூட ஆகாதவன். சால்ட் லேக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் அவனுக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் பேசுகிற பாஷை.

"அங்கிள், சிம்ப்ளி பிரில்லியன்ட். லாஸ்ட் டே வரைக்கும் அந்த பர்மனை ஹோல்ட் பண்ண வெச்சீங்க. போர்டுல கேக்கறாங்க, யாரு இந்த வெங்கட்னு."

"நான் அப்படி நெனச்சுப் பண்ணலைப்பா. அவருக்கு ஏறும்னு நெனச்சுத்தான் வைக்கச் சொன்னேன்."

சைதன்யா சிரித்தான். அவனுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. ஓய்வை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டிருப்பதாகச் சொல்லிக் கையைக் குலுக்கினான்.

வெங்கடநாராயணன் எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "பர்மனுக்கு ஒரு நடு விலை போட்டுக் குடுக்க முடியாதா? ஜூலை விலைக்கும் இதுக்கும் நடுவுல. இருபது வருஷமா சரக்குல ஒரு கல்லு மண்ணு கலக்காத மனுஷன்."

"அங்கிள், லாஸ்ட் இயர் நமக்கு அடி விழுந்ததே, அப்போ அவர் ஏதாவது திருப்பிக் குடுத்தாரா? அவரும் எடுத்துண்டார், நாமும் எடுத்துக்கறோம். ஃபேர்தானே?"

நியாயம்தான். இரண்டு வருஷச் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. அலமுவின் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாய் கசந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைதான் கம்பெனி அவரைக் கெட்டிக்காரன் என்றது. அதுவும் அவர் செய்யாத துரோகத்துக்காக. ஊரில் யாராவது பர்மன் காதில் இதையே ஓதினால்? கம்பெனிக்காரன் உன்னைக் கழுத்தறுத்துவிட்டான் என்று சொன்னால்?

கார்த்திகையில் கணக்கு முடிக்கப் பர்மனே நேரில் வந்தார். மெலிந்திருந்தார். ஆபீசுக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் மண் குவளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அலமுவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பர்மன்தான் முதலில் விசாரித்தார். அதற்குள் டீ குடிக்க வந்த லிஃப்ட்காரர், "வெங்கட் தா, ரெண்டு வருஷம் நீட்டிப்பு வாங்கிட்டு இனிப்பு எங்கே?" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனார்.

பர்மன் முகம் மலர்ந்தது. "அப்படியா? நான் பயந்துக்கிட்டே இருந்தேன் தாதா, உங்களுக்கப்புறம் யார் வந்து உக்காருவாங்களோன்னு. இனி ரெண்டு வருஷம் கவலையில்லை."

அது நிஜமான சந்தோஷம்.

"உங்களுக்கு என்மேல வருத்தம் இல்லையா பர்மன்?"

"எதுக்கு? அரிசியைக் கொண்டுபோய் ஆலையில கொட்டுவாங்கன்னு நீங்க கண்டீங்களா, நான் கண்டேனா? ஊர்ல பேசறவங்க பேசட்டும். தாதாவுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்குச் சொல்லியிருப்பார்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். இவரால் முடியவில்லை. இருபது வருஷமாக இந்த ஒரு மனிதனிடம் உள்ளதைச் சொல்லியே பழகிவிட்டது; இப்போது நாக்கு வேறு மாதிரி புரளவில்லை.

"எனக்குத் தெரியும் பர்மன். அறிவிப்பைப் படிச்சேன். சத்தியமா நம்பலை. சாப்பிடற அரிசியைப் போய்..."

பர்மன் குவளையைக் கீழே வைத்தார். "எப்போ படிச்சீங்க?"

"ஜூலையில."

"நான் போன் பண்ணதுக்கு அப்புறமா?"

"அன்னிக்குக் காலையில. நீங்க பேசும்போது மேஜைமேலதான் இருந்தது."

பர்மன் குவளையை மறுபடி எடுத்து, மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"நானும் நம்பியிருக்க மாட்டேன் தாதா" என்றார். "நானும் வைக்கத்தான் வைச்சிருப்பேன். ஆனா, சொல்லியிருக்கலாம்."

கோபம் துளிக்கூட இல்லாமல் சொன்னார். டீக்காசை அவரே கொடுத்தார். காசெடுக்கப் போன வெங்கடநாராயணனின் கையைத் தடுத்துவிட்டார். ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்து, தோளைத் தொட்டு விடைபெற்றுக்கொண்டு போனார். வெங்கடநாராயணன் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டு, லிஃப்ட்காரர் மறுபடி கீழே வரும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

அலமுவின் ஆபரேஷன் நடந்தது. சித்திரையும் வந்தது. இந்தத் தடவை வெங்கடநாராயணன் ஒரு தாளையும் தள்ளி வைக்கவில்லை. எத்தனால் பற்றி எந்த மூலையில் என்ன வந்தாலும் படித்தார். எந்த ஆலை எதை வாங்குகிறது, கிடங்கில் எவ்வளவு அரிசி இருக்கிறது, பீகாரில் எத்தனை பேர் சோளத்தை விட்டுவிட்டு வேறு போட்டிருக்கிறார்கள் என்று ஆள் விட்டு விசாரித்தார். யாருக்காக இந்தப் பாடு என்று ஆபீசில் கேட்டிருந்தால் கம்பெனிக்காக என்றுதான் சொல்லியிருப்பார். வைகாசி முடிந்ததும் விலை நிச்சயம் ஏறும் என்று கண்டுபிடித்தார். எதைப் படித்தோம், எதை நம்புகிறோம், எதை நம்பவில்லை என்று ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பர்மன் போன் வந்தது. இடது கையால் எடுத்தார்.

"தாதா, முதல் லாரி கிளம்பியாச்சு. ஈரம் குறைவுதான், நல்லாக் காயவைச்சேன். அண்ணிக்கு முழங்கால் எப்படி இருக்கு? படியேறறாங்களா?"

"ஏறறா. தேவலை. பர்மன்..."

"ரொம்ப சந்தோஷம். இதை இன்னிக்கு விலைக்கே வெட்டிடுங்க தாதா. இனிமே வர்ற லாரியெல்லாமே வந்த அன்னிக்கு விலைக்கே."

வெங்கடநாராயணன் வாயைத் திறந்தார். விலை ஏறும், வைங்க என்று சொல்லத்தான். ஆனால் கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று தெரியவில்லை. "சரி" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பர்மன் வைத்துவிட்டார்.

அலமு வழக்கப்படி ரசக் கரண்டியோடு பக்கத்தில் வந்து நின்றாள். அவர் தட்டின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"பர்மன்தானே? என்ன கேட்டார்?"

"ஒண்ணும் கேக்கலை" என்றார் வெங்கடநாராயணன்.